காதருக்கு விட்ட இடம்

பியானோவைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. பியானோ இருக்கிற இடத்துக்குத்தான் மனிதர்கள் போக வேண்டும். அந்தமானில், அந்தக் காலத்து மாயாபந்தருக்கு இருந்தது ஒரே ஒரு பியானோ. அதுவும் ஊருக்குள் இல்லை. உப்பங்கழிக்கு அக்கரையில், மேட்டின்மேல், மரக் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் கட்டிவிட்டுப் போன பங்களாவில் இருந்தது. வெள்ளைக்காரர் போனார், கம்பெனி போனது, மரம் இழுத்த யானைகள்கூட வேறு தீவுக்குப் போய்விட்டன. பியானோவை மட்டும் அசைக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம், மழை விட்டும் விடாத ஒரு மத்தியானத்தில் நாலு பேர் டிங்கிப் படகில் கழியைக் கடந்து அந்த பங்களாவுக்குப் போனார்கள். முன்னால் போனவர் பன்னீர்செல்வம். பகலில் ரோடு போடுகிற இடத்தில் ஓவர்சியர், மற்ற நேரமெல்லாம் பியானோ வாசிப்பவர். ரங்கூனில் ஒரு ஹோட்டலில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவரை அந்த ஊர் அரசாங்கம் கட்டிய துணியோடு கப்பலேற்றிவிட்டது. அவருக்குப் பின்னால், படாக் மரத்தில் தானே செதுக்கிய ஆளுயர பாஸ் தந்தி வாத்தியத்தைச் சுமந்துகொண்டு உதயசூரியன். அவன் போர்ட் பிளேரிலேயே பிறந்தவன், தமிழைவிட இந்தி அவனுக்குச் சரளம். டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவன் மதுரைப் பக்கத்து இராமகிருஷ்ணன், லாரி டிரைவர். கடைசியில், ஸ்பூல் டேப் ரெக்கார்டரைக் குழந்தைபோல் அணைத்தபடி அஸ்மா. அவள் வயிற்றில் உண்மையாகவே ஒரு குழந்தை இருந்தது, ஏழாவது மாசம்.

வந்த வேலை இதுதான். ப்ளூஸையும் ஜாஸையும் நம்மூர் ஒப்பாரியின் இழுவையோடு கலந்து பன்னீர்செல்வம் ஆறு உருப்படிகள் கட்டியிருந்தார். மெட்ராஸில் ஒரு ரெக்கார்டு கம்பெனி அதை இசைத்தட்டாகப் போடுவதாகச் சொல்லியிருந்தது. தட்டுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது: மறுகரை. ஒலிநாடா இந்தக் கப்பலில் போயாக வேண்டும். இதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று கப்பலுக்கே தெரியாது. ராத்திரியில் பதிவு செய்யலாம் என்றால் காட்டுப் பூச்சிகளின் கத்தல் மைக்கை நிறைத்துவிடும். மழை பெய்தால் தகரக் கூரை. ஆகவே மழைக்கும் மழைக்கும் நடுவில், பகலில்தான் வாசிக்க வேண்டும்.

ஆறு உருப்படிக்கும் உயிர் சாக்ஸபோன். அதை வாசிக்க வேண்டியவன் காதர், அஸ்மாவின் புருஷன். அவன்தான் வரவில்லை.

காதரும் பன்னீர்செல்வமும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ரங்கூன் துறைமுகத்தில் ஆயிரம் பேர் முண்டியடித்த கூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைத்துவிட்டு நின்றபோது, பன்னீர்செல்வம் ஒரு விசில் அடித்தார்: மூன்று சுரம் மேலே, ஒன்று கீழே. கூட்டத்தின் நடுவிலிருந்து சாக்ஸபோன் பதில் சொன்னது: மூன்று கீழே, ஒன்று மேலே. அன்றிலிருந்து அது இருவருக்கும் அடையாளம். சந்தையில், ஜெட்டியில், தெருமுனையில், எங்கே என்றாலும் ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார்.

காதருக்கு ஜெட்டிக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை. மூன்று மாசத்துக்கு முன்னால் பாராடாங் தீவில் ஒரு ரேடியோவைச் சரிசெய்யப் போனவன் திரும்பும்போது காற்று மாறிவிட்டது. படகு சதுப்புநிலக் கண்டல் காட்டுக்குள் கவிழ்ந்து கிடந்தது. படகுக்காரனின் உடம்பு கிடைத்தது. காதர் கிடைக்கவில்லை, எங்கே போனாலும் கூடவே கொண்டு போகிற சாக்ஸபோன் பெட்டியும் கிடைக்கவில்லை. தேடியவர்கள் தேடிவிட்டுக் கையை விரித்தார்கள். ஜமாஅத்துப் பெரியவர்கள் மெல்ல வந்து, இறந்தவனுக்கு ஓதுகிற பாத்திஹாவை ஓதிவிடலாமே என்றார்கள். அஸ்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மையத்தக் காட்டுங்க, அவுக ஒடம்பக் காட்டுங்க, ஓதிக்கலாம்" என்றாள் உள்ளே இருந்தபடி.

அவளுக்குத் துணையாக ஊரில் இருந்தவர் பன்னீர்செல்வம் ஒருவர்தான்.

ப்ளூஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். பியானோ நாலு சுற்று கேட்கும். பிறகு எல்லா வாத்தியமும் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தில் சாக்ஸபோன் தனியாக நாலு சுற்று பதில் சொல்லும். சாக்ஸபோன் இல்லாத குறைக்கு அந்த இடத்தையும் பியானோவே வாசித்துவிடலாம் என்று உதயசூரியன் ஒருநாள் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். பன்னீர்செல்வம் டீ கிளாஸைத் தூக்கி எறிந்தார்.

"அந்த எடத்துல நான் கைய வச்சா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரிடா. எடம் அப்படியே இருக்கட்டும். வந்து ஊதுவான். அஸ்மா நாடாவ வெட்டி ஒட்டிக்கும்."

கப்பல் புறப்படும்வரைக்கும் அந்த வெற்றிடங்கள் இருக்கும். அதுவரைக்கும் காதர் உயிரோடு இருப்பான். இதுதான் கணக்கு. பைத்தியக்காரக் கணக்கு என்று அவருக்கே தெரியும். ஆனால் கையில் வேறு எதுவும் இல்லையே.

பங்களாவுக்குள் பூஞ்சை வாசமும் வௌவால் எச்சத்தின் நெடியும். பன்னீர்செல்வம் போன வாரமே ஸ்பானரோடு வந்து கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து வைத்திருந்தார். இராமகிருஷ்ணன் லாரி பேட்டரியை ரெக்கார்டருக்கு மாட்டினான். அஸ்மா மூலையில் கிடந்த நாற்காலி ஒன்றைத் துடைத்து, மைக்குக்கு முன்னால், காதர் எப்போதும் உட்காரும் பக்கமாகப் போட்டாள்.

"எதுக்கும்மா அது?" என்றான் இராமகிருஷ்ணன்.

"அவுக வந்தா நிண்டுக்கிட்டா ஊதுவாக?" என்றாள்.

அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினாள். பன்னீர்செல்வம் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

முதல் உருப்படி நன்றாகவே வந்தது. பியானோ கேட்டது, எல்லோரும் நிறுத்தினார்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம். பன்னீர்செல்வம் மனசுக்குள் நாலு சுற்று எண்ணிவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி கேள்வி, மறுபடி மௌனம். மூன்றாவது மௌனத்தில் தற்செயலாக அஸ்மாவைப் பார்த்தார்.

அஸ்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

படகு கவிழ்ந்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பை அவர் பார்த்ததில்லை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, நிறுத்தாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். உருப்படி முடிந்ததும் நாடாவைத் திருப்பிச் சுற்றி ஓட விட்டாள். நாலு பேரும் ரெக்கார்டரைச் சுற்றிக் குனிந்தார்கள்.

பியானோ கேட்டது. மௌனம். மௌனத்துக்குள்,

த்த். த்த்.

சாக்ஸபோன் ஊதுவாயின் ரீடை நாக்கால் இரண்டு தட்டு தட்டும் ஓசை. ஊதத் தொடங்குவதற்கு முன்னால் ரீடை ஈரப்படுத்திக்கொண்டு அப்படித் தட்டிப் பார்க்கிறவன் அந்தத் தீவுகளிலேயே ஒருவன்தான். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு ஒரு சுரம், தாழ்ந்து, நீண்டு, அடியில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி.

பன்னீர்செல்வம் வாய்விட்டு அழுதார். "இருக்கான்டா! இங்கதான் எங்கயோ இருக்கான்!"

பயப்பட வேண்டிய நேரத்தில் மனுஷனுக்குச் சந்தோஷம் வந்தது. அறை அறையாக ஓடினார். கதவுகளைத் திறந்தார். பங்களாவைத் தாங்கும் மரக்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தார். சரிவில் இறங்கி, கண்டல் காட்டைப் பார்த்து, "காதரு! டேய் காதரு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். சேற்றில் ஒரு முதலை மெல்லத் திரும்பி நீருக்குள் இறங்கியது. வேறு அசைவே இல்லை.

திரும்பி வந்தபோது இராமகிருஷ்ணன் நாற்காலியருகே நின்றுகொண்டிருந்தான். நாற்காலியின் பலகை நனைந்திருந்தது. மேலே கூரையில் ஒழுகல் இல்லை. அவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு" என்றான்.

உதயசூரியன் பின்வாங்கினான். "அரே பாய், சலோ. போயிரலாம். யே டீக் நஹி ஹை, இது சரியில்ல."

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக" என்றான் இராமகிருஷ்ணன். குரல் அடங்கி வந்தது. "எங்க ஊர்ல செத்தவுகளுக்குப் படையல் போட்டா, இலையப் போட்டுட்டு, கூப்புட்டுட்டு, கதவச் சாத்திட்டு வெளிய வந்துருவோம். வந்து சாப்பிட்டுப் போயிரும். நாம கூப்புட்டோம். எடமும் போட்டோம். ஆனா கதவச் சாத்தல. நாமளும் பந்தியிலேயே ஒக்காந்திருக்கோம்ணே."

"செத்தவுகளுக்குத்தானே படையல்?" என்றாள் அஸ்மா. "அவுக மவுத்தாகல. வாசிங்க அண்ணே." நாடாவை மறுபடி பதிவில் ஓட விட்டாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. நாலரை மணிக்கே சூரியன் சாய்ந்துவிடுகிற ஊர் அது. பன்னீர்செல்வம் பியானோவின் முன்னால் போய் உட்கார்ந்தார். நியாயமாகப் பார்த்தால் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாசமாகக் கேட்காத குரலைக் கேட்டுவிட்டு யாரால் எழுந்து போக முடியும்? ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இது காதர்தானா?

எண்ணவில்லை. உருப்படி எதையும் தொடங்கவும் இல்லை. மூன்று சுரம் மேலே, ஒன்று கீழே. ரங்கூன் விசில். வாசித்துவிட்டுக் கையை எடுத்தார்.

த்த். த்த்.

இந்தத் தடவை ஹெட்போன் தேவைப்படவில்லை. நாற்காலியிலிருந்து வந்தது.

மூன்று கீழே, ஒன்று மேலே.

சேற்று நாற்றம் அறையை நிறைத்தது. உதயசூரியனின் கையிலிருந்து பாஸ் நழுவிச் சாய்ந்து, தானாகவே ஒரு தரம் ரீங்கரித்து அடங்கியது. பன்னீர்செல்வம் நாற்காலியின் பக்கம் திரும்பினார். அவன்தான், சந்தேகமே இல்லை. "காதரு" என்றார் மெதுவாக. "எங்கடா இருக்க?"

சாக்ஸபோன் நாலு சுற்றோடு நிற்கவில்லை. ஐந்தாவது சுற்றுக்குப் போனது. ஆறாவதுக்குப் போனது. ஆளில்லாத நாற்காலியிலிருந்து நகர்ந்து, பின்வாசல் பக்கம் போய், அங்கிருந்து படிக்கட்டில் இறங்கி, சரிவில் கேட்டது. எட்டாவது சுற்றில் நின்றது.

மௌனம்.

அது பதில் அல்ல என்று பன்னீர்செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது அது கேட்டுவிட்டு இடம் விட்டிருக்கிறது.

அஸ்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எழுந்தாள். வாயைத் திறக்காமல், தொண்டைக்குள் முனகலாக, நாலு சுற்று பதில் பாடினாள். பாடிக்கொண்டே பின்வாசலைத் தாண்டினாள்.

"அஸ்மா!"

திரும்பவில்லை. கீழே இருந்து சாக்ஸபோன் இன்னொரு கேள்வி கேட்டது, இன்னும் கொஞ்சம் தள்ளி. அவள் பதில் சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஒரு கை வயிற்றைத் தாங்கியிருந்தது. அவள் முகத்தில் துளி பயம் இல்லை. புருஷன் கூப்பிடுகிறான், போகிறாள், அவ்வளவுதான்.

"இராமகிருஷ்ணா, புடிடா அவள!"

இராமகிருஷ்ணன் பாய்ந்தான். சரிவில் சேறு காலை வாரியது. விழுந்தான், எழுந்தான். அதற்குள் அவள் கழியின் விளிம்புக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியே பன்னீர்செல்வம் பார்த்தார். அவள் கணுக்கால் தண்ணீரில். கேள்வி. மௌனம். பதில். முழங்கால்.

மௌனம் இருக்கிறவரை அவள் பதில் சொல்லுவாள். பதில் சொல்லச் சொல்லப் போவாள்.

மௌனத்தை யாராவது அடைக்க வேண்டும்.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் கை எழவில்லை. எந்த இடத்தைக் காப்பாற்ற டீ கிளாஸை எறிந்தாரோ, ஊரைப் பகைத்துக்கொண்டாரோ, அந்த இடத்தில் அவரே ஏறி உட்கார வேண்டும். காதர் செத்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். அதுவும் காதரிடமே சொல்ல வேண்டும்.

இரண்டு கையையும் கட்டைகள்மேல் போட்டு அடித்தார்.

ஜன்னல்கள் அதிர்ந்தன. கேள்வியை வாசித்தார், மூச்சு விடாமல் பதிலையும் வாசித்தார். காதர் எங்கே இழுப்பான், எங்கே குழைவான், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அத்தனையையும் வலது கையால் வாசித்து நிரப்பினார். சாக்ஸபோன் இடைவெளி தேடி ஊதியது, அவர் அடைத்தார். வேறு பக்கமாக வந்தது, அங்கேயும் அடைத்தார். கட்டைகளின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து விரல் வழுக்கியது. உப்புத் தண்ணீர். அதில் அவர் கண்ணீர் எவ்வளவு என்று தெரியாது.

"எடமில்லடா" என்று புலம்பிக்கொண்டே வாசித்தார். "எடமில்லடா காதரு. என் தங்கம், எடமில்லடா. போயிருடா."

வெளியே சாக்ஸபோன் திணறியது. மெலிந்தது. கடைசியாக, மிகச் சன்னமாக, மூன்று சுரம் மேலே, ஒன்று கீழே.

ரங்கூன் விசில். கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டது.

வாழ்நாளில் ஒருதரம்கூட அவர் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. விரல்கள் தாமாகவே அந்தக் கட்டைகளின் பக்கம் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றைத் திருப்பி, விசிலின்மேலேயே ஏறி வாசித்தார். நாடா தீர்ந்து, வால் சுற்றிச் சுற்றி ரெக்கார்டரில் அடித்துக்கொள்ளும்வரை வாசித்தார். உதயசூரியன் வந்து அவர் கைகளைப் பிடித்து நிறுத்தினான்.

இராமகிருஷ்ணன் அஸ்மாவை இடுப்பளவு தண்ணீரிலிருந்து இழுத்து வந்திருந்தான். அவள் அவன் மார்பில் மாறி மாறிக் குத்திக்கொண்டிருந்தாள். பன்னீர்செல்வத்தைப் பார்த்ததும் குத்துவதை நிறுத்தினாள்.

"அவுக எடத்துல நீங்க வாசிச்சிட்டீகளே அண்ணே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வாரமே பாத்திஹா ஓதினார்கள். அஸ்மா தடுக்கவில்லை. நாடா கப்பலேறியது. மெட்ராஸில் வெற்றிடங்கள் நிறைந்த முதல் உருப்படியை வெட்டி எறிந்துவிட்டு, கடைசியாகப் பதிந்திருந்த அந்த வெறிகொண்ட வாசிப்பையே தட்டின் ஒரு பக்கம் முழுக்கப் போட்டார்கள். மறுபக்கத்துக்குப் பன்னீர்செல்வமே கப்பலேறிப் போய், மற்ற உருப்படிகளை ஒண்டியாக வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தார். பியானோக்காரர் மூச்சே விடுவதில்லை என்று அங்கே பாராட்டினார்களாம். உறையின் பின்பக்கம் காதர் நினைவாக என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

தட்டு வந்து சேர்ந்தபோது அஸ்மாவின் மகளுக்குத் தவழ்கிற வயசு. பன்னீர்செல்வம் அதை எடுத்துக்கொண்டு ரேடியோ கடைக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். விளக்கு வைக்கிற நேரம். கடையிலிருந்த கிராமபோனில் அவளே தட்டை வைத்தாள். அவர் நின்றுகொண்டே கேட்டார். ஒவ்வொரு கேள்வி முடியும்போதும் அவர் மூச்சு நின்றது. ஒவ்வொரு தடவையும் அவருடைய பியானோதான் வந்தது, துளி இடைவெளி இல்லாமல். கடைசிவரை வேறு எதுவும் இல்லை. ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தை மூடியாயிற்று. காதர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

"நல்லாருக்குண்ணே" என்றாள் அஸ்மா. "ஒக்காருங்க. புள்ளயத் தூங்க வச்சிட்டு டீ போடுறேன்."

உள்ளறையில் தூளி கிறீச்சிட்டது. அவர் வாசல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு உடம்பு இளகியது. அஸ்மாவின் குரல் கேட்டது.

"கப்பலிலே போன வாப்பா, கண்ணே,
கரைக்கு வர நேரமாச்சு..."

நிறுத்தினாள்.

மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தார். மூச்சு வாங்க அவ்வளவு நேரம் ஆகாது. அவரை அறியாமலே அவர் மனசு எண்ணத் தொடங்கியிருந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

உள்ளே குழந்தை யாரையோ பார்த்துக் களுக்கென்று சிரித்தது.

த்த். த்த்.

பன்னீர்செல்வம் எழுந்துவிட்டார். கதவிடுக்கின் வழியே சேற்று நாற்றம் வந்தது. உள்ளறை வாசற்படியின் கீழிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் வழிந்து அவர் பாதத்தைத் தொட்டது. உள்ளே தாழ்ந்த, நீண்ட ஒரு சுரம் தூளியின் ஆட்டத்தோடு ஆடியது. நாலு சுற்று முடிந்ததும் அஸ்மா அவசரமில்லாமல் அடுத்த அடியைப் பாடினாள். பாடி முடித்து, மறுபடி இடம் விட்டாள்.

அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

அந்த வீட்டில் பியானோ இல்லை.